லீவில் நரம்பு ஊசி போட நினைப்பவர்களுக்கு: இடையில் காய்ச்சல் வந்தால்?

நாட்பட்ட நாரி நோ, கழுத்து நோ உள்ள, வெளிநாட்டில் இருப்பவர்கள் பலர் ஊருக்குப் போகும்போது நரம்புத் தடுப்பு ஊசியை (nerve block, நோவைக் கடத்தும் நரம்பை விறைக்கச் செய்யும் ஊசி) போட்டுக்கொண்டு வரலாம் என்று திட்டமிடுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் போன இடத்தில் வைரஸ் காய்ச்சல் பிடித்துவிட்டால், பயணத் தேதி நெருங்குகிறதே என்று அவசரப்பட்டு ஊசிக்குப் போகாதீர்கள். வருடக்கணக்காக இருக்கும் நோ இன்னும் கொஞ்சநாள் பொறுக்கும்.

அந்த ஊசியில் லிடோகெயின், புப்பிவகெயின் போன்ற விறைப்பு மருந்து இருக்கும். அதன் வேலை சில மணி நேரம்தான். நீண்ட பலனுக்காகப் பல நேரம் ஸ்டீராய்டும் சேர்ப்பார்கள். ஸ்டீராய்ட் நோய் எதிர்ப்பை ஓரளவு அடக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சர்க்கரையை ஏற்றும். ஊசிக்குப் பிறகு காய்ச்சல் நீடித்தால், அது பழைய வைரஸா, ஊசி போட்ட இடத்தில் கிருமி தொற்றியதா என்று வைத்தியருக்கே குழப்பமாகிவிடும்.

டெங்கு என்றால் இன்னும் கவனம் வேண்டும். காய்ச்சல் விட்டதும் சுகமாகிவிட்டதுபோல இருக்கும். ஆனால் பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் அணுக்கள்) மிகவும் குறைவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அப்போது முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் ஊசி ஏற்றினால் உள்ளே இரத்தம் கசிந்து நரம்பை அழுத்தலாம். இரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் சரியாகிவிட்டது என்று பார்த்த பிறகே ஊசிப் பேச்சு. என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம், அளவோடு பாரசிட்டமோல் எடுங்கள். இதயத்துக்காக அஸ்பிரின், குளோபிடோக்ரெல் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் உடனே வைத்தியரைக் கேளுங்கள்.

அக்கி மட்டும் வேறு மாதிரி. அங்கே வைரஸ் இருப்பதே நரம்பில். கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் அல்லது வாலாசைக்ளோவிர் தொடங்குவதுதான் முதல் வேலை. நோ தாங்க முடியாவிட்டால் நரம்பு ஊசி பற்றி அப்போதே கேட்கலாம். கொப்புளம் உள்ள தோல் வழியாக மட்டும் ஊசி இறங்கக்கூடாது.

எச்ஐவி, ஹெபடைடிஸ் பி இருந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள். ஊரில் யாருக்காவது தெரிந்துவிடுமோ என்ற பயம் புரிகிறது, ஆனாலும் வைத்தியரிடம் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ரிட்டோனாவிர், கோபிசிஸ்டாட் உள்ள எச்ஐவி மருந்து எடுப்பவருக்கு ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டைப் போட்டால் அது உடம்பில் தங்கி, உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பியை முடக்கிவிடலாம். கோவிட்டுக்குக் கொடுக்கும் பாக்ஸ்லோவிட்டிலும் ரிட்டோனாவிர் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி-யை ஸ்டீராய்ட் மீண்டும் தூண்டக்கூடும்.

சுகமாக இருந்தால் லீவின் கடைசியில் வைக்காமல் முன்பகுதியிலேயே ஊசியை முடியுங்கள். தொற்று தலைகாட்டச் சில நாட்கள் பிடிக்கும், அப்போது ஊசி போட்ட வைத்தியர் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மருந்தின் பெயர், அளவு, எந்தப் பக்கம், எந்த இடம் என்று எழுதி வாங்குங்கள், வெளிநாட்டு வைத்தியர் அடுத்த ஸ்டீராய்டை அதைப் பார்த்தே தீர்மானிப்பார். ஊசிக்குப் பின் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் முதுகு நோ, புதிதாகக் கால் பலவீனம், சிறுநீர் போகாமை இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும்வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.