தலைவர் மாறினால் நாட்டின் நற்பெயர் மாறுமா? வரைபுத்தாளில் நீங்களே பார்க்கும் முறை

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் ஒரு சனசமூக நிலையம் இருக்கிறது. பேப்பர் வந்து அரை மணித்தியாலத்துக்குள் உலக அரசியல் அங்கே ஒரு சுற்று ஓடி முடிந்துவிடும். அண்மையில் ஒரு காலை, இளைப்பாறிய மாஸ்ரர் ஒருவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "உந்த ட்ரம்ப் வந்த பிறகு அமெரிக்காவை ஒருத்தருக்கும் பிடிக்கிறேல்லை." பக்கத்தில் இருந்த பெடியன் விடவில்லை. "ஆள் மாறினா நாடு மாறிடுமோ மாஸ்ரர்? ஜேர்மனியில இருக்கிற என்ர மாமா அப்பிடிச் சொல்லேல்லையே."

இருவர் சொன்னதிலும் பாதி சரி. மாமா ஒருவருடைய கதையை வைத்து ஒரு நாட்டின் மனதை அளக்க முடியாது. அதேபோல, தலைவர் மாறியதும் எல்லாம் தலைகீழாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. முகம் மாறினால் நாட்டின் பெயரும் அசையும், ஆனால் முகம் அசைந்த அளவுக்கு அசையாது. எவ்வளவு அசைகிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு வரைபுத்தாள், நீலமும் சிவப்புமாக இரண்டு பேனை, ஒரு அடிமட்டம் போதும். எக்செல் தெரிந்தவர்கள் அதிலேயே செய்யலாம். ஆனாலும் முதல் தடவை கையால் கீறிப் பாருங்கள். புள்ளி குத்தும்போதுதான் சந்தேகங்கள் வரும்.

முதல் வேலை: என்ன கேட்டார்கள் என்று பாருங்கள்

அமெரிக்காவில் உள்ள பியூ ஆய்வு மையம் 2002இலிருந்து பல நாடுகளில் இப்படியான கருத்துக்கணிப்பு நடத்துகிறது. முடிவுகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நமக்கு வேண்டியவை இரண்டு கேள்விகள். அமெரிக்காவைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் நல்லதா கெட்டதா என்பது ஒன்று. அமெரிக்க ஜனாதிபதி உலக விவகாரங்களில் சரியானதைச் செய்வார் என்று நம்புகிறீர்களா என்பது மற்றது. முதலாவது நாட்டைப் பற்றியது, இரண்டாவது ஆளைப் பற்றியது. செய்தித் தலைப்புகளில் இவை இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகக் குழைக்கப்பட்டுத்தான் வரும்.

கேலப் என்ற அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனமும் கணிப்பு நடத்துகிறது. ஆனால் அவர்கள் கேட்பது மூன்றாவது ஒரு கேள்வி: அமெரிக்கத் தலைமை நடந்துகொள்ளும் விதத்தை ஏற்கிறீர்களா என்று. நான் முதன்முதலில் கீறியபோது பியூவில் கிடைக்காத ஆண்டுகளை கேலப்பிலிருந்து எடுத்து ஒரே கோட்டில் கோத்துவிட்டேன். நடுவில் அழகான ஒரு பள்ளம் விழுந்தது. அதை உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை எழும்பி, "சேர், இந்த இடத்தில கேள்வியே வேறையெல்லோ?" என்று கேட்டது. அன்றோடு அந்தத் தாள் குப்பைக்குப் போனது.

இரண்டாம் வேலை: ஒரு நாட்டை மட்டும் எடுங்கள்

பழகுவதற்கு ஜேர்மனி நல்ல நாடு. கணிப்பு அடிக்கடி நடந்திருக்கிறது, அசைவும் பெரிது. பியூவின் கணக்கில் ஜனாதிபதியை நம்புகிறவர்களும் அமெரிக்காவைப் பற்றி நல்ல அபிப்பிராயம் உள்ளவர்களும் சதவீதத்தில் இப்படி:

2008, புஷ்: ஆள் 14, நாடு 31
2009, ஒபாமா: ஆள் 93, நாடு 64
2016, ஒபாமா: ஆள் 86, நாடு 57
2017, ட்ரம்ப்: ஆள் 11, நாடு 35
2020, ட்ரம்ப்: ஆள் 10, நாடு 26
2021, பைடன்: ஆள் 78, நாடு 59

கிடையாக ஆண்டு, நிலைக்குத்தாக 0 முதல் 100. ஆளுக்குச் சிவப்பு, நாட்டுக்கு நீலம். ஜனாதிபதி மாறும் இடங்களில் பென்சிலால் மெல்லிய நிலைக்குத்துக் கோடு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வேலை: கழியுங்கள்

விசயம் இங்கேதான் இருக்கிறது. ஆட்சி மாறிய மூன்று இடங்களிலும் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று கழித்துப் பாருங்கள். புஷ்ஷிலிருந்து ஒபாமாவுக்கு வரும்போது ஆள் 79 புள்ளி ஏறுகிறார், நாடு 33. ஒபாமாவிலிருந்து ட்ரம்புக்கு வரும்போது ஆள் 75 இறங்குகிறார், நாடு 22. ட்ரம்பிலிருந்து பைடனுக்கு ஆள் 68 ஏற, நாடு மறுபடியும் 33 ஏறுகிறது.

சிவப்புக் கோடு கிணற்று வாளி மாதிரி மேலும் கீழும் போய்வருகிறது. நீலக் கோடு அதே திசையில்தான் போகிறது, ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான். மாஸ்ரருக்கும் பெடியனுக்கும் உரிய விடை இந்த இடைவெளிக்குள் கிடக்கிறது. ஒரு ஜேர்மனிக்காரருக்கு அமெரிக்கா என்றால் வெள்ளை மாளிகையில் இருப்பவர் மட்டும் இல்லை. படம், பாட்டு, பல்கலைக்கழகம், வியாபாரம், அங்கே போய் இருக்கிற சொந்தக்காரர் எல்லாமே அதற்குள் வரும். தேர்தலில் இவை மாறுவதில்லை.

93 என்ற எண்ணையும் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒபாமா பதவியேற்றது 2009 ஜனவரி 20இல். சில மாதங்களிலேயே கணிப்பு எடுத்தாயிற்று. அதற்குள் அவர் பெரிதாக எதையும் செய்து முடித்திருக்க முடியாது. ஆனால் முந்தைய ஆண்டு யூலையில், வெறும் வேட்பாளராக பெர்லினுக்குப் போனபோதே சுமார் இரண்டு இலட்சம் பேர் திரண்டு வந்து அவருடைய பேச்சைக் கேட்டார்கள். புதியவருக்குக் கிடைக்கும் முதல் எண்ணில் பாதி, போனவர் மேல் இருந்த வெறுப்பு என்பது என் எண்ணம்.

நான்காம் வேலை: ஆள் மாறாத இடத்தில் கோடு அசைகிறதா?

இதை யாரும் செய்வதில்லை, அதனால்தான் பிழையான முடிவுக்கு வருகிறார்கள். ட்ரம்பின் முதல் ஆட்சிக்காலத்தை மட்டும் தனியாகப் பெருப்பித்துக் கீறுங்கள். 2017 முதல் 2020 வரை சிவப்பு 11, 10, 13, 10. தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. நீலமோ 35, 30, 39, 26. கடைசி ஆண்டில் ஆள் 3 புள்ளிதான் இறங்கினார், நாடு 13 இறங்கிவிட்டது. அது கொரோனா ஆண்டு. அந்தக் கோடையில் பியூ கேட்ட 13 நாடுகளில், அமெரிக்கா தொற்றை நன்றாகக் கையாண்டது என்று சொன்னவர்களின் இடையம் (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) வெறும் 15 சதவீதம். தலைவரின் எண் ஏற்கெனவே அடியில் கிடந்தது. அடி வாங்கியது நாடு.

சீனா இன்னும் தெளிவான உதாரணம். அங்கே தலைவர் மாறவே இல்லை, அதே ஷி ஜின்பிங். அவுஸ்திரேலியாவில் சீனாவைப் பற்றிக் கெட்ட அபிப்பிராயம் சொன்னவர்கள் 2019இல் 57 சதவீதம், 2020இல் 81.

எங்கள் ஊரிலும் இப்படி ஒரு கோடு இருக்கிறது. அப்போது யாரும் கணிப்பு எடுக்கவில்லை, அதனால் எண் கிடையாது. அம்மம்மா வீட்டு விறாந்தையில், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், சஞ்சிகையில் இருந்து வெட்டிக் கண்ணாடி போட்ட இந்திரா காந்தி படம் ஒன்று தொங்கியது. 1987 யூன் 4 அன்று இந்திய விமானங்கள் வந்து உணவுப் பொதிகளைப் போட்டபோது, அம்மம்மா கிணற்றடியில் நின்று வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாராம். யூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தம். வந்த இந்தியப் படைக்கு மாலை போட்டது சனம். ஒக்ரோபர் 10இல் அந்தப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கியது. மாலை போட்ட அதே சனம் கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் போய் ஒதுங்கியது. யூனிலும் ஒக்ரோபரிலும் பிரதமர் ராஜீவ் காந்திதான். நாலே மாதத்தில் கோடு உச்சியிலிருந்து விழுந்ததற்கு ஆள் மாற்றம் காரணமில்லை, நடந்த சம்பவம்தான் காரணம். அம்மம்மா இந்தியாவைத் திட்டினார், ராஜீவைத் திட்டினார். இந்திரா படம் மட்டும் கழற்றப்படவில்லை. ஆளுக்கு ஒரு பேனை, நாட்டுக்கு ஒரு பேனை என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

ஐந்தாம் வேலை: பிடிவாதமான நாடு ஒன்றைத் தேடுங்கள்

ஜேர்மனியோடு நிறுத்தினால் எல்லா நாடும் இப்படித்தான் என்று தோன்றும். அதே ஒபாமா வருகையைத் துருக்கியில் பாருங்கள். 2008இல் புஷ்ஷை நம்பியவர்கள் 2 சதவீதம், 2009இல் ஒபாமாவை நம்பியவர்கள் 33. நாட்டுக்கோ 12, பிறகு 14. ஆள் 31 புள்ளி ஏறியும் நாடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. துருக்கிக்காரருக்கு ஈராக் பக்கத்து வீடு. 2003 யூலையில் ஈராக்கின் சுலைமானியாவில் அமெரிக்கப் படை துருக்கி வீரர்களைப் பிடித்துத் தலையில் உறை மாட்டிக் கொண்டுபோனது. அந்தக் காயம் வெள்ளை மாளிகையில் ஆள் மாறியதால் ஆறிவிடவில்லை.

இஸ்ரேலில் கோடு எதிர்ப்பக்கம் போனது: 2007இல் நாட்டுக்கு 78, ஒபாமா வந்த பின் 2009இல் 71. ரஷ்யாவில் ஒபாமாவுக்கு 11 ஆக இருந்தது 2017இல் ட்ரம்புக்கு 53 ஆக, நாட்டின் எண் 15இலிருந்து 41க்கு ஏறியது. ஆனால் கவனியுங்கள், ரஷ்யாவின் முந்தைய புள்ளி 2015இல் எடுத்தது. அதை 2016க்கு நேராகக் குத்திவிடாதீர்கள்.

ஆறாம் வேலை: திகதியும் பிழை வரம்பும்

இது சிறிய வேலை, ஆனால் தவிர்க்க முடியாது. ஒரு நாட்டில் ஏறத்தாழ 1,000 பேரைக் கேட்டால் 3 புள்ளி அளவு இப்படியோ அப்படியோ போகலாம். ஆகவே துருக்கியின் 12, 14 இரண்டையும் ஒரே எண்ணாகவே எடுங்கள்.

ஆண்டோடு மாதத்தையும் எழுதுங்கள். ஈராக் மீது படையெடுப்பு நடந்த 2003 மார்ச்சில் ஜேர்மனியில் அமெரிக்காவுக்கு 25. அதே ஆண்டு மே மாதம் 45. ஜனாதிபதியும் ஒருவர்தான், ஆண்டும் ஒன்றுதான், இடையில் 20 புள்ளி. வெறும் 2003 என்று எழுதினால் எதைக் குத்துவீர்கள்? இன்னொன்று: 2008, 2009 கணிப்புகளுக்கு நடுவில் தேர்தல் மட்டும் நடக்கவில்லை, லீமன் பிரதர்ஸ் என்ற பெரிய அமெரிக்க வங்கி விழுந்து உலகப் பொருளாதாரமே ஆடியது.

முடிந்ததா? சரி, தாளின் அடியில் நாடு, கேள்வி, ஆண்டு, மாதம், எடுத்தவர் யார் என்று எழுதுங்கள்.

என்னுடைய ஜேர்மனித் தாளை சனசமூக நிலைய அறிவித்தல் பலகையில் குத்திவிட்டேன். மாஸ்ரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கன நேரம் பார்த்தார். "2025இல என்ன நிலைமை?" என்று கேட்டார். அந்த ஆண்டு 24 நாடுகளில் ட்ரம்பை நம்பியவர்களின் இடையம் 34 சதவீதம் என்றேன். உடனே பேனையை எடுத்து 2021க்குப் பக்கத்தில் குத்தப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். அது 24 நாட்டின் இடையம், இது ஜேர்மனித் தாள். 2017இல் பியூ சொன்ன 22ஓடு இந்த 34ஐ வைத்து 12 ஏறியிருக்கிறது என்றும் கழிக்கக்கூடாது, ஏனென்றால் அப்போது கேட்டது 37 நாடுகளில். இரண்டு கணிப்பிலும் இருக்கிற நாடுகளை மட்டும் தனியாக எடுத்துத்தான் கழிக்க வேண்டும்.

"அப்ப இன்னொரு தாள் தா தம்பி" என்றார் மாஸ்ரர்.