நாளுக்கு எட்டு வசனங்கள்

வேதாகமத்தைத் (பைபிளை) தினமும் தியானிக்க விரும்பியும் எங்கே தொடங்குவதென்று தெரியாதவர்கள் அதிலுள்ள துதிப்பாடல்களில் ஒன்றான 119ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் 176 வசனங்களும் எபிரெய எழுத்துகளின் வரிசைப்படி, பகுதிக்கு எட்டாக 22 பகுதிகளில் அமைந்திருப்பதால், நாளுக்கு ஒரு பகுதி போதும்.

காலையில் எட்டு வசனங்களையும் வாய்விட்டு மெதுவாக வாசித்து, மனத்தில் தைத்த ஒன்றை மட்டும் சிறு தாளில் எழுதி உடன் வைத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூரிலிருந்து கடற்கரை நிலையம் வரை மின்தொடர் வண்டியில் நின்றபடியே செல்பவர்களும், விடியுமுன் காசிமேட்டில் மீன் எடுக்கக் காத்திருக்கும் அம்மாக்களும் அந்த ஒரு வரியை இரண்டு மூன்று முறை நினைத்துப் பார்க்க முடியும். கைப்பேசியைத் திறந்தால் கவனம் வேறெங்கோ போய்விடுவதால், தாளே நல்லது என்பது என் அனுபவம்.

105ஆம் வசனம் தேவனுடைய வார்த்தையைக் காலுக்குத் தீபம் என்கிறது. அக்காலத்துச் சிறிய எண்ணெய் விளக்கு அடுத்த சில அடிகளை மட்டுமே காட்டியிருக்கும். வீட்டு வாடகை, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் என்று வரப்போகும் மாதங்களையெல்லாம் ஒரே இரவில் நினைத்துக் கலங்குபவர்களுக்கு அது எத்தனை பெரிய ஆறுதல்! படுக்குமுன், அன்று தாளில் எழுதிய வரியையே ஜெபமாகச் சொல்லுங்கள். ஒரு நாள் தவறிவிட்டால் இரண்டு பகுதிகளைச் சேர்த்து வாசிக்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.