ஸ்லெட் தள்ளினதும் ஓட்டம் படுத்தது ஏன்?

ஹைராக்ஸ்னா 1 கிலோமீட்டர் ஓட்டம், ஒரு உடற்பயிற்சி ஸ்டேஷன்னு மாறி மாறி 8 தடவை வர்ற போட்டி. அதுல எடை ஏத்தின ஸ்லெட்டை (சறுக்கு வண்டி) தள்ளி முடிச்சதும் வர்றது 3-வது கிலோமீட்டர். தம்பிக்கு அது மட்டும் 5:50 நிமிஷம். மத்ததெல்லாம் 4:55 பக்கம். ஸ்லெட் தள்ளி கால் செத்துப்போச்சுன்னு நினைச்சு தண்டையார்பேட்டை ஜிம்ல 2 வாரம் ஸ்குவாட் எடையை ஏத்தினோம். காசிமேடு பக்கம் விடியக்காலைல வேக ஓட்டம். ஒத்திகையில மறுபடி அதே 5:50.

அரங்குக்குள்ள ஜிபிஎஸ் வேகத்தை நம்ப முடியாது. அதனால போட்டியில வாட்ச் பதிவு பண்ணின அந்தக் கிலோமீட்டரோட லேப்ல காலடி எண்ணிக்கையைப் பார்த்தேன்: முதல் 90 விநாடி நிமிஷத்துக்கு 105, அதாவது நடை. அப்புறம் வழக்கமான 172. ஓட்டத்துல குறையே இல்ல! ஸ்லெட் முடிஞ்சதும் வாட்ச்ல லேப் பட்டனை அமுக்கிட்டு, தண்ணி குடிச்சு மூச்சு வாங்கி நடந்திருக்கான். மத்த ஸ்டேஷன்ல இருந்து ஓடியே வெளிய வந்திருக்கான்.

இப்போ 50 மீட்டர் தள்ளினதும் 10 விநாடிக்குள்ள மெது ஓட்டம், 400 மீட்டர், 6 தடவை. ஸ்குவாட் பழைய எடைக்கே. நேத்து அதே ஸ்லெட், அதே எடை, அடுத்த கிலோமீட்டர்: 5:05.