ஊர் முதலில் அமர்ந்த இடம்: ஒரு கிராமத்தின் தொடக்கத்தைத் தேடி எழுதும் முறை

தம் ஊரின் பழமையை எழுத முற்படுவோர் பெரும்பாலும் கோயிலில் தொடங்கி, தலபுராணத்தின் வழியே நடந்து, ஏதேனும் ஒரு மன்னன் பெயரில் போய் நிற்கின்றனர். தண்ணீரில் தொடங்குவதே முறை என்பது என் கருத்து. தொண்டை மண்டலம் போன்ற ஏரிப்பாசன நாட்டில் கரை எங்கே கட்டப்பட்டதோ அதை ஒட்டி வயலும், வயலை ஒட்டி வீடும் அமைந்தன.

முதலில் வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டையும் பெற்றுக்கொள்ளுங்கள். பதிவேட்டில் ஏரி, வாய்க்கால், களம், சுடுகாடு, நத்தம் (குடியிருப்பு நிலம்) என்று குறிக்கப்பட்டுள்ள சர்வே எண்களை மட்டும் வரைபடத்தில் வண்ணமிட்டால், பட்டா நிலங்களுக்கு நடுவே ஊரின் எலும்புக்கூடு தெரியத் தொடங்கும். அதன்பின் அந்தப் படத்துடன் ஏரிக்கரை மீது நடந்து, ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே நுழைகிறது, மதகுகள் எங்கே உள்ளன, மிகைநீர் எந்தக் கலிங்கின் வழியே அடுத்த ஏரிக்குப் போகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். நான் முதன்முதலில் வரைந்த படத்தில் ஒரு வரத்துக்காலைப் பாசன வாய்க்காலாகக் காட்டிவிட்டேன். ஆயக்கட்டு விவசாயி ஒருவர் கரையில் நின்று கை நீட்டிக் காட்டிய பிறகே பிழை தெரிந்தது. பழைய மதகுக் கல்தூண்களில் சில இடங்களில் எழுத்து உண்டு. அதன்மேல் சுண்ணாம்போ மாவோ பூசாமல், மாலைச் சாய்வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் படமெடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் கட்டி எழுந்து நிற்கும்.

பழைய நத்தம் பல ஊர்களில் வயலை விடச் சற்று மேடாக இருக்கும். அடித்தளத்திற்குத் தோண்டிய மண்ணில் பழங்காலக் கறுப்பு சிவப்புப் பானை ஓடு கிடந்தால் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டை எடுத்துச் செல்லாதீர்கள். சுற்றியுள்ள சிற்றூர்ப் பெயர்களும் சான்றாகும். தாங்கல் என்று முடியும் பெயர் சிறு ஏரியைச் சுட்டும்; மங்கலம் என்பது பெரும்பாலும் பிராமணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேயத்தைச் சுட்டும்.

இனி கல்வெட்டுக்கு வரலாம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரை எடுத்துக்கொண்டால், வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைக்காக மட்டுமே பலரும் படிக்கின்றனர். ஊரின் நில அமைப்பை அறியும் நோக்கில் அதே வரிகள் வேறு செய்தி தருகின்றன: ஊர் 30 குடும்புகளாகவும் (தேர்தல் பிரிவுகள்) 12 சேரிகளாகவும் (தெருக்கள்) பிரிந்திருந்தது, தோட்டத்திற்கு ஒரு வாரியமும் (குழு), ஏரிக்கென்றே ஆறு பேர் கொண்ட தனி வாரியமும் இருந்தன, உறுப்பினராக வருபவர் கால் வேலிக்கு (வேலி ஒரு பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவராக இருக்க வேண்டும். அந்த ஏரியே பல்லவர் காலக் கல்வெட்டுகளில் வயிரமேக தடாகம் எனப்படுகிறது.

இவற்றினும் பயனுள்ளவை நிலக்கொடைக் கல்வெட்டுகள். சதுர்வேதிமங்கலங்கள் எனப்பட்ட பிராமணர் ஊர்களில் ஒரு நிலத்தைச் சுட்டும்போது ‘இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாற்று, இத்தனையாம் சதிரத்து’ என்று எழுதினர். வதி என்பது பாதை அல்லது பெரிய வாய்க்கால், கண்ணாறு என்பது கிளை வாய்க்கால், சதிரம் என்பது சதுர வயல் பகுதி. வதி பொதுவாகத் தெற்கு வடக்காகவும் வாய்க்கால் கிழக்கு மேற்காகவும் ஓடுவதால், சதுரக்கட்டத் தாளில் அவற்றைக் கோடுகளாக இட்டு, ஒவ்வொரு கொடையையும் அதற்குரிய கட்டத்தில் எழுதிக்கொண்டே வந்தால், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வயல்வெளி மெல்ல நிரம்பும். பொறுமை வேண்டும், பத்துக் கல்வெட்டுகளுக்கு முன் எதுவும் பிடிபடாது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒவ்வோர் ஊருக்கும் வரியற்ற இடங்களாக ஊர்நத்தம், ஸ்ரீகோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போன வாய்க்கால்கள், கம்மாளர் வாழ்ந்த கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு ஆகியவை எண்ணப்படுகின்றன. யார் எங்கே குடியிருந்தனர் என்பதற்கு அதுவே பட்டியல். தம் ஊர் வரலாற்றில் சேரியை விட்டுவிட்டு எழுதுவோர் சோழர் காலக் கணக்கரைக் காட்டிலும் குறைவாகவே எழுதுகின்றனர் என்று சொல்லத் தோன்றுகிறது.

செப்பேட்டில் ‘முன்பெற்றாரை மாற்றி’, ‘குடிநீக்கி’ என்னும் தொடர்கள் வந்தால் அங்கே நில்லுங்கள். கொடைக்கு முன்பே அந்நிலத்தில் உரிமையாளரோ குடிகளோ இருந்தனர் என்பதற்கு அவை சாட்சி. ஆகவே கொடை ஆண்டை ஊர் தோன்றிய ஆண்டாக எழுதுவது பிழை. ‘இந்த ஆண்டில் ஊர் இவ்வாறு மாற்றியமைக்கப்பட்டது’ என்பதே கொடை தரும் செய்தி.

செங்கல்பட்டுப் பகுதியினருக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்ற பொறியாளர் அன்றைய செங்கல்பட்டு சாகீரின் (ஆங்கிலேயக் கம்பெனிக்கு நவாப் அளித்த பகுதி) கிராமங்களை அளந்து, வீடு, நிலம், ஏரி, மானியம் ஆகியவற்றைக் கணக்கெடுத்தார். உங்கள் ஊருக்குரிய பக்கம் கிடைத்தால், அதிலுள்ள வாய்க்கால்களைக் கல்வெட்டுகளைக் கொண்டு நீங்கள் வரைந்த படத்துடனும் இன்றைய சர்வே எண்களுடனும் ஒப்பிடுங்கள். மூன்றிலும் இருப்பதைக் கறுப்பு மையிலும், இரண்டில் மட்டும் இருப்பதை நீலத்திலும், ஊர்ப் பெரியவர்கள் வாய்மொழியில் மட்டும் கிடைத்ததைப் பென்சிலிலும் வரையுங்கள். பென்சில் கோட்டை அழிக்க வேண்டிய நாள் வரலாம்.