பழைய கிட் ரெப்போவில் பிளாக் ஃபார்மேட்டரைத் தானாக ஓட வைப்பது எப்படி

பைதான் கோடை ஒரே சீராக வடிவமைக்க பிளாக், அதை ஒவ்வொரு கமிட்டின்போதும் ஓட்ட பிரீ-கமிட். இரண்டையும் நிறுவப் பத்து நிமிடம் போதும். பல ஆண்டு வரலாறும் பாதியில் நிற்கும் பிராஞ்ச்களும் உள்ள ரெப்போவுக்குள், யாருடைய வேலையும் கெடாமல் அவற்றை நுழைப்பதுதான் கடினம். அதற்கு ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது: வடிவத்தை மாற்றும் கமிட்டில் வேறு எந்த மாற்றமும் இருக்கக் கூடாது. இந்த விதிக்காகத்தான் கீழே வேலையை மூன்று புல் ரிக்வெஸ்ட்களாகப் பிரித்திருக்கிறோம்.

முதல் புல் ரிக்வெஸ்ட்: அமைப்புக் கோப்புகள் மட்டும்

'பைப்ராஜெக்ட்.டாமல்' கோப்பில் 'டூல்.பிளாக்' பகுதியைச் சேர்த்து, 'லைன்-லெங்த்', 'டார்கெட்-வெர்ஷன்' இரண்டையும் எழுதுங்கள். பிளாக்கின் இயல்பான வரி நீளம் 88. தகுந்த காரணம் இல்லாமல் அதை மாற்றாதீர்கள். 79-ஆ, 100-ஆ என்று குழு வாதாடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகத்தானே இந்தக் கருவியே.

தானாக உருவாகும் கோப்புகள், வெளியிலிருந்து எடுத்துவைத்த நூலகங்கள் ஆகியவற்றை விலக்க வேண்டும். இங்கே பலரும் தடுக்கி விழுகிறார்கள். 'எக்ஸ்க்ளூட்' என்று எழுதினால், முழு அடைவையும் பிளாக் தேடிப் போகும்போது மட்டுமே அது செல்லும். பிரீ-கமிட்டோ கோப்புப் பெயர்களை நேரடியாகக் கொடுத்து பிளாக்கை அழைக்கிறது. அப்போது 'எக்ஸ்க்ளூட்' பொருட்படுத்தப்படாது. 'ஃபோர்ஸ்-எக்ஸ்க்ளூட்' என்றே எழுதுங்கள்.

அடுத்து '.பிரீ-கமிட்-கான்ஃபிக்.யாமல்'. அதில் பிளாக்கின் ரெப்போ முகவரி, 'ரெவ்' என்ற இடத்தில் துல்லியமான பதிப்பு எண் (எடுத்துக்காட்டாக 25.1.0), ஹூக்கின் (கமிட்டின்போது தானாக ஓடும் சோதனையின்) ஐடி 'பிளாக்', இவ்வளவும் போதும். இம்போர்ட்களை அடுக்க ஐசார்ட்டும் ஓடினால், அதன் அமைப்பில் 'ப்ரொஃபைல்' மதிப்பு 'பிளாக்' என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று மடித்த வரியை இன்னொன்று பிரிக்கும். கமிட் ஒருநாளும் தேறாது.

விண்டோஸில் வேலை செய்பவர்கள் குழுவில் இருந்தால் வரி முடிவுக் குறியையும் இப்போதே தீர்த்துவிடுங்கள். கோப்பின் முதல் வரி எப்படி முடிகிறதோ அதையே பிளாக் பின்பற்றும். சிஆர்எல்எஃப் (விண்டோஸ் முறை வரி முடிவு) கோப்பை அது எல்எஃப் (லினக்ஸ், மேக் முறை) ஆக்காது. '.கிட்அட்ரிப்யூட்ஸ்' கோப்பில் '*.பிஒய் டெக்ஸ்ட் இஓஎல்=எல்எஃப்' என்று ஒரு வரி சேர்த்து, 'கிட் ஆட் --ரீநார்மலைஸ் .' ஓட்டித் தனி கமிட் போடுங்கள்.

இந்தக் கட்டத்தில் யாரும் ஹூக்கை நிறுவ வேண்டாம். நிறுவினால், ஒரு வரி திருத்தப் போனவருடைய கமிட்டில் முழுக் கோப்பும் மாறி நிற்கும்.

இரண்டாவது: ஒரே ஒரு ஃபார்மேட் கமிட்

முதலாவது மெயினில் சேர்ந்ததும் 'பிரீ-கமிட் ரன் பிளாக் --ஆல்-ஃபைல்ஸ்' ஓட்டி, வந்ததை அப்படியே கமிட் செய்யுங்கள். கையால் எதையும் தொடாதீர்கள். வடிவமைப்புக்கு முன்னும் பின்னும் கோடின் தொடரியல் மரம் பொருளளவில் ஒன்றாகவே இருக்கிறதா என்று பிளாக் தானே சரிபார்த்துவிட்டுத்தான் கோப்பை எழுதும். அதனால் டிஃப் பெரிதாக இருந்தாலும், டெஸ்ட்கள் தேறினால் நம்பிச் சேர்க்கலாம். ஏதாவது கோப்பில் 123 என்ற வெளியேறு எண்ணோடு நின்றால், பெரும்பாலும் அது பைதான் 2 தொடரியலாக இருக்கும். அந்த ஆதரவு 2022 ஜனவரியில் வந்த 22.1.0 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது. கையால் பத்தி பத்தியாக அடுக்கிய எண் அணிகளைக் காப்பாற்ற வேண்டுமானால், அவற்றின் மேலும் கீழும் '# எஃப்எம்டி: ஆஃப்', '# எஃப்எம்டி: ஆன்' குறிப்புகளை முதல் புல் ரிக்வெஸ்டிலேயே வைத்துவிடுங்கள்.

மூன்றாவது: பிளேம், சிஐ, ஹூக்

ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் கட்டளை 'கிட் பிளேம்'. ஃபார்மேட் கமிட்டுக்குப் பிறகு, அதில் மாறிய வரிகளையெல்லாம் அதை ஓட்டியவர் பெயரில் அது காட்டும். ரெப்போவின் வேரில் '.கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்' என்ற கோப்பை உருவாக்கி, ஃபார்மேட் கமிட்டின் ஹேஷை (அதன் அடையாளக் குறியை) 40 எழுத்தும் முழுதாக எழுதுங்கள். சுருக்கிய ஹேஷ் செல்லாது. ஸ்குவாஷ் அல்லது ரீபேஸ் முறையில் மெர்ஜ் செய்தால் ஹேஷ் மாறிவிடும். எனவே பிராஞ்சில் இருந்ததை எழுதாமல், மெயினில் சேர்ந்தபின் அங்கிருந்து எடுத்து எழுதுங்கள். இந்தப் பெயரில் கோப்பு இருந்தால் கிட்ஹப்பின் பிளேம் பக்கம் தானாகவே படித்துக்கொள்ளும். கணினியில் ஒவ்வொருவரும் 'கிட் கான்ஃபிக் பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல் .கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்' என்று ஒருமுறை கொடுக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23 முதல் இது உண்டு. இதை '--குளோபல்' சேர்த்துக் கொடுத்தால், அந்தக் கோப்பு இல்லாத மற்ற ரெப்போக்களில் பிளேம் பிழையோடு நின்றுவிடும்.

சிஐ-யில் (புல் ரிக்வெஸ்ட்களைச் சர்வரில் தானாகச் சோதிக்கும் அமைப்பில்) ஓட வேண்டிய கட்டளை 'பிரீ-கமிட் ரன் --ஆல்-ஃபைல்ஸ் --ஷோ-டிஃப்-ஆன்-ஃபெய்லியர்'. இந்தச் சோதனை தேறாமல் மெர்ஜ் ஆகாதபடி பிராஞ்ச் பாதுகாப்பில் கட்டாயமாக்குங்கள். ஹூக்கை 'கிட் கமிட் --நோ-வெரிஃபை' என்று யாரும் தாண்டலாம். ரெப்போவைக் குளோன் செய்தால் ஹூக் கூடவே வருவதும் இல்லை. உண்மையான காவல் சிஐ-தான்.

இப்போது எல்லாரும் 'பிரீ-கமிட் இன்ஸ்டால்' ஓட்டலாம். 'கோர்.ஹூக்ஸ்பாத்' ஏற்கெனவே அமைந்திருந்தால் நிறுவ மறுக்கும். ஹஸ்கி போன்ற வேறொரு ஹூக் கருவி விட்டுப்போனதாக இருக்கலாம். பார்த்து நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ஹூக் கோப்பை மாற்றினால் கமிட் தோல்வியடையும். இது பிழை அல்ல: டிஃபைப் பார்த்து, 'கிட் ஆட்' செய்து, மறுபடி கமிட் செய்ய வேண்டும். குழப்பம் வருவது 'கிட் ஆட் -பி' மூலம் ஒரு கோப்பின் பாதியை மட்டும் ஸ்டேஜ் செய்பவர்களுக்கு. ஸ்டேஜ் ஆகாத பாதியை பிரீ-கமிட் தற்காலிகமாக எடுத்து வைத்துவிட்டு ஹூக்கை ஓட்டும். திரும்ப வைக்கும்போது இரண்டும் மோதினால் ஹூக் செய்த திருத்தத்தையே கைவிடும். கமிட்டும் ஆகாது, கோப்பும் மாறியிருக்காது. இதற்கு எளிய வழி, முதலில் முழுக் கோப்பிலும் பிளாக்கை ஓட்டிவிட்டுப் பிறகு பகுதி பகுதியாக ஸ்டேஜ் செய்வது. பிளாக்கை ஓட்டி உடனே 'கிட் ஆட்' செய்யும் சொந்த ஸ்கிரிப்ட்டை ஹூக்காக வைக்காதீர்கள். கமிட் செய்ய எண்ணாத பாதியையும் அது சத்தமில்லாமல் உள்ளே இழுத்துவிடும்.

எடிட்டரில் சேமிக்கும்போது ஒரு வடிவம், கமிட்டில் இன்னொன்று என்றால் பெரும்பாலும் பதிப்பு வேறுபாடுதான் காரணம். விஎஸ் கோடின் பிளாக் நீட்சி தன்னோடு வரும் பிளாக்கையே இயல்பாகப் பயன்படுத்தும். 'இம்போர்ட் ஸ்ட்ராடஜி' அமைப்பை 'ஃப்ரம் என்விரான்மென்ட்' என மாற்றி, 'ரெவ்'-இல் எழுதிய அதே பதிப்பை மெய்நிகர் சூழலில் நிறுவுங்கள்.

திறந்திருக்கும் பிராஞ்ச்கள்

மெயினை நேரடியாக மெர்ஜ் செய்தால் கோப்புக்குக் கோப்பு கான்ஃபிளிக்ட் வரும். ஒவ்வொரு பிராஞ்சிலும் இந்த வரிசையில் போங்கள்:

1. ஃபார்மேட் கமிட்டுக்கு நேர் முந்தைய கமிட்டை மெர்ஜ் செய்யுங்கள்: 'கிட் மெர்ஜ்' என எழுதி, ஃபார்மேட் கமிட்டின் ஹேஷைக் கொடுத்து, அதன் முடிவில் '^' சேர்க்க வேண்டும். இங்கே வரும் கான்ஃபிளிக்ட்கள் உண்மையானவை, வழக்கம்போலத் தீருங்கள். அமைப்புக் கோப்புகளும் இதிலேயே வந்துவிடும்.
2. 'பிரீ-கமிட் ரன் பிளாக் --ஆல்-ஃபைல்ஸ்' ஓட்டி கமிட் செய்யுங்கள்.
3. ஃபார்மேட் கமிட்டை 'கிட் மெர்ஜ் -எஸ் அவர்ஸ்' என்று மெர்ஜ் செய்யுங்கள்.
4. பிறகு மெயினை மெர்ஜ் செய்யுங்கள்.

மூன்றாவது படி எதிர்ப்பக்கத்து மாற்றத்தை முழுதாக ஒதுக்கிவிட்டு, நம் பக்கத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். ஒதுக்கப்படுவது வெறும் வடிவ மாற்றம் என்பதாலும், அதை இரண்டாம் படியில் நாமே செய்துவிட்டதாலும்தான் இது சரி. ஃபார்மேட் கமிட்டில் யாராவது ஒரு பிழைத்திருத்தத்தையும் சேர்த்து வைத்திருந்தால், அது எந்த எச்சரிக்கையும் இல்லாமல் காணாமல் போகும்.

பதிப்பு உயர்வு

'பிரீ-கமிட் ஆட்டோஅப்டேட்' ஓட்டினால் 'ரெவ்' உயரும். பிளாக்கின் நிலையான பாணி ஒரு நாட்காட்டி ஆண்டுக்குள் மாறாது. புதிய ஆண்டின் முதல் வெளியீட்டில் மாறலாம். ஆண்டு எண் மாறும் உயர்வை மட்டும் தனி வேலையாக எடுத்து, பதிப்பு மாற்றத்துக்கு ஒன்று, அதனால் வரும் வடிவ மாற்றத்துக்கு ஒன்று என இரண்டு கமிட் போட்டு, இரண்டாவதன் ஹேஷைப் பிளேம் கோப்பில் அடுத்த வரியாகச் சேருங்கள்.