சிங்க நடனம்: தலையும் வாலும் பழகுவது எப்படி?

சீனப் புத்தாண்டு பிறந்தால் சாப் கோ மே என்னும் பதினைந்தாம் நாள் வரை, சீனர்கள் அதிகம் வாழும் மலேசியப் புதுக்கிராமங்களில் சிங்க நடனக் குழுக்களுக்கு வேலை நிற்காது. மேளத்தை லோரியில் ஏற்றிக்கொண்டு சிங்கம் வீடு வீடாகப் போகும். இந்தக் குழுக்களில் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். புதிதாக வருபவர்களில் பலருக்கு, மலேசியாவின் கெந்திங் மலையில் 1994-இல் தொடங்கிய உலகப் போட்டியில் பார்த்த மாதிரி, இரும்புக் கம்பங்களின் மேல் தாவத்தான் ஆசை. அதற்கு ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும். இங்கே சொல்வது வீட்டு வாசலில், தரையில் ஆடும் சிங்கத்தைப் பற்றி. அதைச் சரியாக ஆடவே நிறைய வேலை இருக்கிறது.

ஆளும் பொருளும்

சிங்க வேடத்துக்குள் தலைக்கு ஒருவர், வாலுக்கு ஒருவர். ஒரு மேளம், ஒரு கோங், குறைந்தது இரண்டு ஜோடி பெரிய ஜால்ரா. ஆக ஆறு பேர் இல்லாமல் கிளம்ப முடியாது. வெயிலில் ஒரு ஜோடி தாக்குப்பிடிப்பது சில நிமிடங்கள்தான் என்பதால், மாற்று ஜோடி ஒன்றும் வேண்டும்.

ஃபூட் சான், ஹோக் சான் என்று இரண்டு பாணிகள். ஃபூட் சான் சிங்கத்துக்குத் தலை கனம், கொம்பு கூர்மை, வால் நீளம். ஹோக் சானுக்கு வாய் வாத்தின் அலகு மாதிரி தட்டை, வால் குட்டை, அசைவில் பூனையின் சாயல். மலேசியாவில் அதிகம் ஆடுவது இதைத்தான். தலை மூங்கில் அல்லது பிரம்புச் சட்டத்தில் கட்டியது. இரண்டு மூன்று கிலோ எடை லேசாகத்தான் தோன்றும், கை நீட்டி ஐந்து நிமிடம் பிடித்துப் பார்க்கும் வரை.

படி 1: வெறுங்கையோடு நிற்பது

தலையைத் தொடும் முன் மூன்று நிலைகள். குதிரை நிலையில் கால்களை அகட்டி, முட்டியை மடக்கி, முதுகை நிமிர்த்தி உட்காருவது போல் நிற்க வேண்டும். வில் நிலையில் முன்கால் மடங்கும், பின்கால் நீளும். பூனை நிலையில் உடல் எடை முழுக்கப் பின்காலில், முன்கால் விரல் மட்டும் தரையைத் தொடும். அரை நிமிடத்தில் தொடங்கி இரண்டு நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். தொடை நடுங்கும்போது முட்டி உள்பக்கம் சாயும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். சாய்ந்த முட்டியோடு பழகினால், பிறகு ஆளைத் தூக்கும்போது அதே முட்டிதான் போகும்.

படி 2: தலை

முகத்தை உள்ளே வைத்து, சிங்கத்தின் வாய் வழியாக வெளியே பாருங்கள். ஒரு கை குறுக்குக் கம்பியைப் பிடித்து எடையைத் தாங்கட்டும். இன்னொரு கைக்குத் தாடையும், கண் இமைக்கும் காதுக்கும் போகும் நூல்களும். பிடிக்கும் விதம் குழுவுக்குக் குழு கொஞ்சம் மாறும், உங்கள் ஆசான் காட்டுவதையே பிடியுங்கள்.

கை களைத்ததும் தலை தொங்கிவிடும், சிங்கம் தூங்குவது போலிருக்கும். அதைச் சமாளிக்கத் தலையை மேலே தூக்கினால் உங்கள் முகமும் கழுத்தும் வெளியே தெரியும். தலை சின்னச் சின்னதாக அசைந்துகொண்டே இருக்கட்டும். நின்றுவிட்டால் அது பொம்மை. இமையை விடாமல் அடிக்காதீர்கள். ஒன்றைப் பார்த்து, நிறுத்தி, பிறகு இரண்டு தடவை சிமிட்டினால் போதும்.

படி 3: வால்

இடுப்பிலிருந்து குனிந்து, முதுகைத் தட்டையாக வைத்து, முன்னால் இருப்பவரின் இடுப்புக் கச்சையை இரு பக்கமும் பிடிக்க வேண்டும். உள்ளே தெரிவது அவர் குதிகால் மட்டும்தான். அதைப் பார்த்தே நடக்க வேண்டும். வலி பொறுக்காமல் நிமிர்ந்தால் சிங்கத்துக்குக் கூன் விழும். பின்தங்கினால் துணி இழுபட்டு நடுவில் தொய்யும். கைதட்டல் தலைக்குத்தான் போகும், ஆனால் குழுவின் பலசாலி வாலில்தான் இருப்பார்.

முன்னவரைத் தொடையில் ஏற்றுவதைப் பாய் விரித்து, பக்கத்தில் மூன்றாவது ஆளை நிறுத்திப் பழகுங்கள். கச்சையில் இரண்டு தட்டு என்பது போல ஒரு சைகையை முன்பே பேசிக்கொள்ளுங்கள். முன்னவர் தன் பலத்திலேயே குதிக்க வேண்டும், பின்னவர் அதே நொடியில் மேலே இழுத்துக் குதிரை நிலைக்கு இறங்குவார். பாதம் இடுப்பை ஒட்டித் தொடையின் மேல்பகுதியில் விழ வேண்டும். முட்டிப் பக்கம் விழுந்தால் இருவருமே சாய்வார்கள். கச்சை தளர்ந்திருந்தால் தூக்கும்போது விலாவுக்கு ஏறிவிடும், அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் முன் இறுக்கிக் கட்டுங்கள்.

படி 4: மேளம்

மேளக்காரர் சிங்கத்தைப் பார்த்து அடிப்பார். ஜால்ராக்காரர்கள் மேளக்காரரின் கையைப் பார்ப்பார்கள். கோங் அசராமல் காலம் காட்டும். ஆடுபவருக்கு வெளியே அதிகம் தெரியாது, காதுதான் துணை. சிங்கம் தயங்கும் இடத்தில் மேளமும் தாழ வேண்டும். ஆர்வக்கோளாறில் தொடர்ந்து முழங்குவதுதான் புது மேளக்காரரின் வழக்கமான தப்பு.

படி 5: வீட்டு வாசலில்

வாசலில் நின்று மூன்று முறை தலை வணங்குங்கள். வீட்டுக்குள் சாமி மேடை இருந்தால் அதற்கும் வணக்கம் உண்டு. பிறகு சாலட் கீரை. அங்பாவோடு (சிவப்பு உறையில் வைத்த அன்பளிப்புப் பணம்) சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், அல்லது தட்டில் மாண்டரின் ஆரஞ்சோடு வைத்திருப்பார்கள்.

நேராகப் போய்க் கவ்வினால் ஆட்டம் அங்கேயே செத்துவிடும். முதல் தடவை பூனை நிலையில் நெருங்கி, முகர்ந்து, திடுக்கிட்டுப் பின்வாங்குங்கள். இரண்டாம் தடவை பக்கவாட்டில் சுற்றி வந்து ஒரு காலால் தொட்டுப் பார்த்து மறுபடி ஓடுங்கள். மூன்றாவதில்தான் வாய். வாயை மூடியதும் சிங்கம் படுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் உள்ளே வேலை மும்முரம்: அங்பாவைப் பையில் போட வேண்டும், கீரையைக் கிழிக்க வேண்டும், ஆரஞ்சோ பம்பளிமாசோ இருந்தால் இருவருமாக உரித்துத் தட்டில் அடுக்க வேண்டும். வெளியே தலை அசைந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதால் உரிக்கும் வேலையில் பெரும்பங்கு வாலுக்கு. வீட்டுக்காரர்கள் சிலர் சுளைகளை நான்கு இலக்க எண்ணாக அடுக்கச் சொல்வார்கள். லாட்டரிக்குத்தான் என்று மலேசியாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு கீரையை வெளியே வீசுங்கள். வழவழப்பான டைல்ஸ் தரையில், அடுத்து நீங்கள் கால் வைக்கப்போகும் இடத்தில் மட்டும் வேண்டாம். ஈர இலையில் வழுக்கி விழுவது அடிக்கடி நடப்பது. ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி அவசியம். வாழ்த்துச் சுருளை விரித்துக் காட்டி, மறுபடி மூன்று வணக்கம் வைத்து, வீட்டுக்கு முதுகு காட்டாமல் பின்னடியாக வெளியேறுங்கள்.

அன்றைய சுற்று முடிந்ததும் தலையின் உட்பக்கத்து வியர்வையைத் துடைத்து, நிழலில், எதுவும் அழுத்தாத இடத்தில் வையுங்கள், சட்டம் வளைந்தால் நிமிர்த்துவது கடினம். வால் துணியை ஈரத்தோடு மடித்து லோரியில் போட்டால் மறுநாள் உள்ளே குனிபவர் மூச்சு விட முடியாது. பிரித்துக் கொடியில் தொங்கவிடுங்கள்.