கொசு உள்ளான் கூட்டத்தில் கரண்டிமூக்கு உள்ளானைத் தேடும் முறை

கரண்டிமூக்கு உள்ளான் (Spoon-billed Sandpiper), அலகு நுனி கரண்டி போல விரிந்த சிறு கரைப்பறவை. அதைத் தேடிப் போகிறவர்கள் கரண்டியையே தேடுகிறார்கள். பறவை கைநழுவுவது பெரும்பாலும் அதனால்தான். அது சிட்டுக்குருவி அளவே இருக்கும்: நீளம் 14 முதல் 16 செ.மீ., எடை முப்பது கிராமை ஒட்டி. அலகு நுனியின் அகலம் ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். பக்கவாட்டில் நிற்கும்போது அந்த அகலம் தெரியாது. நுனி கொஞ்சம் தடித்த கறுப்பு அலகு மட்டும் கண்ணில் படும். நேருக்கு நேர் திரும்பும் ஒரு நொடியில்தான் கரண்டி கரண்டியாகத் தெரியும். அந்த நொடிக்காக எந்தப் பறவை மேல் ஸ்கோப்பை (முக்காலித் தொலைநோக்கியை) நிறுத்தி வைப்பது என்பதை அது மேயும் விதம் சொல்லும்.

இந்தப் பறவை கூடு கட்டுவது ரஷ்யாவின் வடகிழக்கு ஓரமான சுகோட்காவின் கடலோரத் தூந்திரத்தில். அங்கிருந்து மஞ்சள் கடல் சேற்றுத்திட்டுகளில் இறங்கி, இறகு உதிர்த்து, உடம்பு தேற்றி, சுமார் 8,000 கி.மீ. பறந்து மியான்மர், வங்கதேசம், தாய்லாந்து கரைகளில் குளிர்காலம் கழிக்கும். மியான்மரின் மொத்தமா வளைகுடா அதன் முக்கியமான குளிர்கால இடம். கோடியக்கரையில் 1980களில் பார்த்த பதிவுகள் உண்டு. இலங்கைக் கரையிலும் முன்பு பதிவாகியிருக்கிறது. ஆகவே நம் சேற்றுத்திட்டுகளில் தேடுவது வீண்வேலை அல்ல. ஆனால் இங்கே கண்டதாகச் சொல்ல, படமும் குறிப்பும் இரட்டிப்பு வலுவாக இருக்க வேண்டும்.

எப்போது, எங்கே நிற்பது

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மொத்தமா போன்ற இடங்களில் கடல் ஓதத்தின் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் ஆறேழு மீட்டர் வித்தியாசம் வரும். அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் உச்சம் தொடுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே போய் நின்றால், ஏறும் தண்ணீர் பறவைகளை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். பாக் நீரிணைப் பக்கம் கணக்கு வேறு. ஓத வீச்சு ஒரு மீட்டருக்கும் குறைவு. சேறு திறப்பதையும் மூடுவதையும் காற்றும் மழைத்தண்ணீரும்தான் பாதிக்கு மேல் முடிவு செய்கின்றன. வேதாரண்யம் சதுப்பில் முதல் நாள் வெறும் தண்ணீராகக் கிடந்த இடம் காற்று திரும்பியதும் மறுநாள் சேறாகிவிடும். ஓத அட்டவணையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். முந்தின மாலையே இடத்தைப் பார்த்துவிடுங்கள்.

கோடியக்கரை காட்டுயிர்ப் புகலிடம் என்பதால் வனத்துறை அனுமதி வேண்டும். உப்பளத்துக்குள் போக அளத்துக்காரரிடம் கேட்க வேண்டும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, பறவைகளுக்கு ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி உட்காருங்கள். நின்றால் கூட்டம் நகரும். உட்கார்ந்து கால் மணி நேரம் அசையாமல் இருந்தால் அதுவே நெருங்கி வரும். கூட்டத்தை எழுப்பிவிட்டால் அன்றைய எண்ணிக்கை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பைனாகுலர் கூட்டத்தைக் கண்டுபிடிக்க மட்டும். அடையாளம் சொல்ல 20–60 மடங்கு ஸ்கோப்பும் ஆடாத முக்காலியும் தேவை. முப்பது மடங்கில் தேடுங்கள், சந்தேகம் வந்தால் மட்டும் கூட்டுங்கள். அறுபதில் தொடங்கினால் கானல்தான் தெரியும். காலை ஒன்பது மணிக்கு மேல் சேறு சூடேறிவிட்டால் தொலைதூரப் பறவைகளை விட்டுவிடுவது நல்லது.

மேய்ச்சலைப் பாருங்கள்

அதே கூட்டத்தில் இருக்கும் சிறு உள்ளான்களான கொசு உள்ளானும் (Little Stint) செங்கழுத்து உள்ளானும் (Red-necked Stint) தையல் எந்திர ஊசி மாதிரி மேயும்: படபடவென்று கொத்து, ஓரடி ஓட்டம், மறுபடி கொத்து. கரண்டிமூக்கு உள்ளான் தலையைக் குனிந்தபடியே வைத்திருக்கும். மெல்லிய தண்ணீர் நிற்கும் குழிவில் அலகை முக்கி, இடமும் வலமுமாகச் சின்னதாக ஆட்டிக்கொண்டே முன்னேறும். சில சமயம் அலகால் சேற்றை முன்னே தள்ளும். அப்போது நுனிக்கு முன்னால் சேறு சுருண்டு எழுவது ஸ்கோப்பில் தெளிவாகத் தெரியும். நூறு பறவை நிமிர்ந்து குனிந்து கொத்திக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் நிமிராமல் நகர்கிறதா? ஸ்கோப்பை அதன்மேல் நிறுத்துங்கள்.

பிறகு தலை. கொசு உள்ளானைவிடப் பெரிய தலை, செங்குத்தான நெற்றி. குளிர்கால இறகில் முகமும் நெற்றியும் பளிச்சென்ற வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் கரும்பட்டை, மார்பு சுத்த வெள்ளை, கால் கறுப்பு. தூரத்தில், கூட்டத்திலேயே முகம் வெளுத்த பறவை என்றுதான் முதலில் தோன்றும்.

ஏமாறும் இடம் ஒன்று உண்டு. களிமண் சேற்றில் மேயும் கொசு உள்ளானின் அலகு நுனியில் சேற்று உருண்டை ஒட்டிக்கொள்ளும். முன்பக்கமிருந்து பார்த்தால் அச்சு அசலாகக் கரண்டி. எத்தனையோ "கண்டுபிடிப்புகள்" இதில் முடிந்திருக்கின்றன. ஐந்து நிமிடம் விடாமல் பாருங்கள். சேறென்றால் பறவை அலகைக் கழுவியதும் போய்விடும். வடிவமும் கொத்துக்குக் கொத்து மாறும். நிஜக் கரண்டி மாறாது. முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, மேயும்போது ஒன்று என மூன்று கோணப் படம் இல்லாமல் பதிவு போடாதீர்கள். அசையும் படம் அரை நிமிடம் இருந்தால் இன்னும் நல்லது. மேய்ச்சல் அதில் பதிந்துவிடும்.

காலைப் பார்த்துக் கணக்கு எழுதுவது

பறவையைக் கண்ட பரவசத்தில் எல்லோரும் மறந்துவிடும் பகுதி இது. உள்ளதிலேயே பயனுள்ளதும் இதுதான்.

சுகோட்காவில் பிடித்து விடும் பறவைகளின் காலில், முட்டிக்கு மேலே, எழுத்தோ எண்ணோ பொறித்த சிறு கொடி மாட்டுகிறார்கள். அதிகம் காண்பது எலுமிச்சைப் பச்சை. எழுத்தைப் படிக்க முடிந்தால் தனிப்பறவையின் வரலாறே கிடைத்துவிடும். படிக்க முடியாவிட்டாலும் நிறம், எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா என்ற மூன்றையும் எழுதுங்கள். சேறு படிந்த கொடியில் 8ஐயும் 3ஐயும் குழப்பிக்கொள்வது சகஜம். ஒரே படத்தை நம்பாமல் பத்துப் பதினைந்து எடுங்கள். ஊகித்து எழுதிய எழுத்தைவிட "படிக்க முடியவில்லை" என்ற குறிப்பே மதிப்புள்ளது.

கொடி இல்லாத பறவைக்கும் அதே மதிப்பு. 2014இல் உலக மொத்தம் சுமார் 210 முதல் 228 இணைகள் என்று கணக்கிட்டது, பார்த்த பறவைகளில் கொடியுள்ளவை எத்தனை என்ற விகிதத்தை வைத்துத்தான். வேலை செய்யும் விதம் எளிது. எடுத்துக்காட்டாக, கொடியுடன் உயிரோடு இருப்பவை 20 என்று தெரியும். நீங்கள் கால் பார்த்த 100 கரண்டிமூக்கில் 4க்குக் கொடி இருந்தால், 20 என்பது மொத்தத்தில் 4 விழுக்காடு; மொத்தம் 500. இப்போது தவறு எங்கே நுழைகிறது பாருங்கள். பச்சைக் கொடி கண்ணை இழுக்கும். அதனால் கொடியுள்ளதை விடாமல் எழுதி, கொடியில்லாததை விட்டுவிடுவோம். விகிதம் ஏறும், மொத்தம் உண்மையைவிடக் குறைவாக வரும். மாறாக, கால் தண்ணீரில் மறைந்திருந்த பறவையைக் கொடி இல்லாததாக எழுதினால் மொத்தம் ஊதிப்போகும். ஆகவே நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: கொடி உண்டு, கொடி இல்லை, கால் தெரியவில்லை. இரண்டு காலின் மேற்பகுதியும் தெரிந்த பறவை மட்டுமே முதல் இரண்டு கட்டத்துக்குப் போக வேண்டும்.

கரண்டிமூக்கே கிடைக்காத நாளையும் எழுதுங்கள்: "7.10–9.00, சிறு உள்ளான் வகை 340 பார்த்தது, கரண்டிமூக்கு 0." பறவைப் பதிவுத் தளமான இ-பேர்டில் (eBird), பார்த்த எல்லா இனத்தையும் சேர்த்த முழுப்பட்டியலாகப் போட்டால் அந்தப் பூஜ்யமும் கணக்கில் சேரும்.

இந்தக் கொடிகள் எங்கிருந்து வருகின்றன

2002 முதல் 2009 வரை இனம் ஆண்டுக்கு 26 விழுக்காடு வீதம் சரிந்தது. குளிர்கால இடங்களில் வலைவைத்துப் பிடித்தது ஒரு பெரிய காரணம். வலை வைத்தவர்கள் குறிவைத்தது பெரிய உள்ளான்களை. முப்பது கிராம் பறவை சேர்ந்து மாட்டியது. மொத்தமாவில் அவர்களுக்குப் படகும் கால்நடையும் கொடுத்து, வலையைக் கைவிடச் செய்த வேலை பலன் தந்தது. மஞ்சள் கடலில் இழந்ததை அப்படி மீட்க முடியவில்லை: தென்கொரியாவின் சேமாங்கம் கழிமுகத்தை 33 கி.மீ. சுவர் 2006இல் அடைத்துவிட்டது.

இந்தச் சரிவை ஈடுகட்ட, சுகோட்காவின் மெய்னிபில்கினோ ஊரருகே 2012இல் தொடங்கிய குஞ்சு வளர்ப்பு இப்படி நடக்கிறது. பருவத் தொடக்கத்தில் கூட்டிலிருந்து நான்கு முட்டைகளையும் எடுத்து அடைப்பெட்டியில் வைக்கிறார்கள். சீக்கிரம் எடுத்தால் அந்த இணை மறுபடி முட்டையிடும். தாமதித்தால் குறுகிய கோடை அதற்கு இடம் கொடுக்காது. பிறந்த குஞ்சுக்கு அன்றே கரண்டி அலகு இருக்கும், தானே இரை தேடும். மழையும் குளிரும் நரியும் கடற்காக்கையும் எட்டாத கூண்டில், பறக்கும் வரை மூன்று வாரம் போல வளர்த்து, கொடி மாட்டி, அதே தூந்திரத்தில் விடுகிறார்கள். காட்டில் ஒரு கூட்டுக்கு ஒரு குஞ்சுகூடத் தேறாத நிலையில், இதில் நான்கு முட்டைக்கு மூன்று போலத் தேறுகின்றன. விட்ட பறவை பிழைத்ததா என்று சொல்லப்போவது தெற்கே யாரோ ஒருவர் அதன் காலைப் பார்த்து எழுதும் ஒரு வரிதான்.

சேற்றில் கட்டிய நுண்வலையைக் கண்டால் நீங்களே அறுக்காதீர்கள். சிக்கிய பறவையைத் தெரியாமல் இழுத்தால் இறகும் காலும் முறியும். இடத்தைக் குறித்து, படமெடுத்து, உடனே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அந்த இடத்தில் பார்த்த கரண்டிமூக்கின் சரியான இருப்பிடத்தை வாட்சப் குழுக்களில் போடாதீர்கள்.